மெயின் ரோடா, உள் தெருவா, ஏரிக்கரையா? புறநகரில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை எங்கே போடலாம்

கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம், கொண்டலாம்பட்டி, கருப்பூர் என்று சேலத்தைச் சுற்றியுள்ள எந்தப் பகுதியை எடுத்தாலும் குடியிருப்போர் கூட்டத்தில் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். பாதை போட ஒரு இடத்துக்குத்தான் பணம் வரும், எங்கே வேண்டும் என்று முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்பார் கவுன்சிலர். அவ்வளவுதான், கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிடும். கடை வைத்திருப்பவர்களும் பஸ் ஏறுகிறவர்களும் மெயின் ரோட்டில் நடைபாதை கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புகிறவர்கள் உள் தெருக்களைச் சரிபண்ணச் சொல்வார்கள். காலையில் வாக்கிங் போகிறவர்கள் ஏரிக்கரையைக் காட்டுவார்கள். மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் பகுதியிலும் இதேதான் நடந்தது. கையில் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வழியிலும் பல நாள் நடந்தும் ஓட்டியும் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் சேர்த்து ஒரே பாதையைத் தேடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. நடப்பவருக்கு மெயின் ரோட்டோரம் வேண்டும், சைக்கிளுக்கு உள் தெரு போதும், இரண்டு பேருக்கும் ரோட்டைத் தாண்டும் இடம் சரியாக வேண்டும். பணம் கொஞ்சமாக இருந்தால் அந்தத் தாண்டும் இடத்துக்கே முதலில் போகட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்க்கலாம்.

## முதலில், எதை வைத்து எடை போடுவது?

நெதர்லாந்தில் சைக்கிள் பாதை திட்டமிடுகிறவர்கள் ஐந்து விஷயம் பார்ப்பார்கள். பாதை நடுவில் அறுந்துபோகாமல் தொடர்ச்சியாக இருக்கிறதா, சுற்றிவளைக்காமல் நேராகப் போகிறதா, ஆபத்தில்லாமல் இருக்கிறதா, ஓட்டச் சுகமாக இருக்கிறதா, போவதற்கு மனசுக்குப் பிடித்திருக்கிறதா. இந்த ஐந்தும் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். கூடவே நமக்கென்று மூன்றைச் சேர்க்க வேண்டும்: வெயில், இருட்டு, பராமரிப்பு. சித்திரை வெயிலில் பகல் பதினோரு மணிக்கு நிழல் இல்லாத பாதையில் யாரும் நடக்கமாட்டார்கள், எவ்வளவு அழகாகக் கல் பதித்திருந்தாலும் சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால், யாருக்காகப் பாதை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் பைக்கோ காரோ வைத்திருப்பவர்கள். உண்மையில் தினமும் நடக்கிறவர்களும் மிதிக்கிறவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், மகளிருக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் பிடிக்க முக்கால் கிலோமீட்டர் நடந்து வரும் பெண்கள், ஷிப்டு முடிந்து ராத்திரி திரும்பும் தறித் தொழிலாளிகள், மருந்து வாங்கப் போகும் வயசானவர்கள். இவர்களுக்கு வேறு வழி கிடையாது, ரோடு எப்படி இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். அதனால் முதல் ஓட்டு இவர்களுடையது என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இரண்டாவது, தூரக் கணக்கு. இதைப் பலர் போடுவதே இல்லை, ஆனால் பாதி விவாதத்தை இதுவே தீர்த்துவிடும். சாதாரணமாக நடக்கிறவர் ஒரு நிமிஷத்தில் 75 மீட்டர் போவார். அவசரமில்லாமல் சைக்கிள் மிதிக்கிறவர் ஒரு நிமிஷத்தில் 200 மீட்டர் போவார். ஒரு பாதை 300 மீட்டர் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடப்பவருக்கு நாலு நிமிஷம் அதிகம், அதுவும் வெயிலில், கையில் பையோடு. சைக்கிளுக்கு ஒன்றரை நிமிஷம், பெரிய விஷயமே இல்லை. நடப்பவர் சுற்றவேமாட்டார், எப்படியும் குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பார். சைக்கிள்காரர் வழி அமைதியாக இருந்தால் சந்தோஷமாகச் சுற்றுவார். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, தாண்டும் இடம். நாலு வழிச் சாலையின் அகலம் ஏறக்குறைய 15 மீட்டர் என்று வையுங்கள். முட்டிவலி உள்ள என் அம்மா நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பார், அதுவும் நல்ல நாளில். தாண்ட 15 நொடி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 15 நொடியில் 200 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது, இரண்டு பக்கமும் 200 மீட்டருக்கு வண்டியே இல்லாத ஒரு நேரத்துக்காக அவர் காத்திருக்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு அப்படி ஒரு நேரம் வராது. நடுவில் நின்று மூச்சு வாங்க அகலமான ஒரு மீடியன் இருந்தால் ஒரு தடவைக்கு ஏழு எட்டு நொடி போதும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும், தேவைப்படும் இடைவெளி சரிபாதியாகக் குறையும். கூடவே அந்த இடத்தில் வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்தால் அந்தப் பாதியிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேவைப்படும். 50-ல் வரும் வண்டி மோதும் ஆற்றல், 30-ல் வரும் அதே வண்டியின் ஆற்றலைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீடியன் திண்டும் ஒரு மேட்டுக் கடப்பும் (வண்டி ஏறி மெதுவாகப் போகும்படி ரோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் போட்ட தாண்டும் இடம்) ஒரு கிலோமீட்டர் நீள நடைபாதையைவிட அதிகப் பேரைக் காப்பாற்றும் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

## வழி 1: மெயின் ரோட்டோரம்

யாருக்கு உதவும்: நடப்பவருக்கு. பஸ் ஸ்டாப், மருந்துக்கடை, ரேஷன் கடை, பேங்க், தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டி எல்லாம் மெயின் ரோட்டில்தான் இருக்கின்றன. போக வேண்டிய இடம் அங்கே இருக்கும்போது பாதையை வேறு எங்கோ போட்டால் அது வெறுமனே கிடக்கும். ராத்திரியிலும் கடை வெளிச்சம் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. பெண்கள் தனியாக நடக்கத் துணியும் வழி பெரும்பாலான ஊர்களில் இது ஒன்றுதான்.

மறைந்திருக்கும் செலவு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் நடைபாதை பெரும்பாலும் சாக்கடை மேல் போட்ட சிலாப்புதான். சாக்கடை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நடைபாதை நிற்கும். ஒரு அடி, ஒன்றரை அடி ஏறி இறங்க வயசானவர்களால் முடியாது, அதனால் ரோட்டிலேயே நடப்பார்கள், பார்க்கிறவர்கள் நடைபாதை போட்டுக் கொடுத்தும் யாரும் நடப்பதில்லை என்று சலித்துக்கொள்வார்கள். சாலை எப்படிப் போட வேண்டும் என்று நாட்டுக்கு வழிகாட்டும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டியில் ஓரக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 1.8 மீட்டர் என்றால் இரண்டு பேர் எதிரெதிரே வந்து உரசாமல் கடக்கும் அகலம். கரண்டு கம்பம், டிரான்ஸ்பார்மர், கடைக்காரர் வைத்த படிக்கட்டு, சாய்த்து நிறுத்திய பைக் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பதுதான் அந்த 1.8. டேப்பை வைத்துப் பார்க்கும்போது கழிக்காமல் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் கம்பத்தை நகர்த்துவதற்கு மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பணம், தண்ணீர்க் குழாயை மாற்றும் செலவு, வீட்டு வாசலுக்கும் கடை வாசலுக்கும் சரிவு போடும் செலவு. இதெல்லாம் முதல் மதிப்பீட்டில் வராது, வேலை பாதியில் நிற்கும்போதுதான் தெரியவரும். மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை கையில் இருப்பதால் பேரூராட்சியோ ஊராட்சியோ தானாக ஒரு கல்லைக்கூட நட முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. அனுமதிக்கே சில மாதம் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பூ விற்கும் அக்காவையும் தள்ளுவண்டிக்காரரையும் விரட்டிவிட்டுப் பாதை போடலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அது சட்டப்படியும் சரியில்லை, 2014-ஆம் வருஷத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதைவிட, அவர்கள் உட்கார்ந்திருப்பதால்தான் ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்த இடத்தில் ஒரு கண் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வரிசையும் நடப்பவருக்கு ஒரு வரிசையும் என்று இடத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் நியாயம்.

சைக்கிளுக்கு? மெயின் ரோட்டில் பச்சைப் பெயின்ட் அடித்து சைக்கிள் வழி என்று எழுதுவதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. பெயின்ட் அடித்த அன்றைக்குச் சாயங்காலமே அதில் பைக் நிற்கும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் அந்த வழியை வெட்டிக்கொண்டுதான் ஓரம் கட்டும், ஷேர் ஆட்டோ நினைத்த இடத்தில் வெட்டும். ரோட்டோரத்தில்தான் மண்ணும் ஜல்லியும் சேரும், அதில் சக்கரம் வழுக்கும். தடுப்புக் கல் வைத்துத் தனியாகப் பிரித்த பாதையாக இருந்தால் மட்டும்தான் மெயின் ரோட்டில் பிள்ளைகளைச் சைக்கிளில் விடலாம். அவ்வளவு அகலம் உள்ள மெயின் ரோடு புறநகரில் எத்தனை இருக்கிறது?

எப்போது இதுதான் சரி: ஊருக்கு ஒரே ஒரு மெயின் ரோடு, அதற்கு இணையாக உள் தெருவே இல்லை, எல்லாக் கடையும் ஸ்டாப்பும் அதிலேயே வரிசையாக இருக்கின்றன என்றால் வேறு யோசனையே வேண்டாம். முழு நீளத்துக்கும் பணம் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாப்பின் இரு பக்கமும் 150 மீட்டர் மட்டும் ஒழுங்காகப் போடுங்கள்.

## வழி 2: உள் தெருக்களைக் கோத்து ஒரு பாதை

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், காரணம் இதைத்தான் யாரும் திட்டம் என்றே மதிப்பதில்லை. ரிப்பன் வெட்ட இதில் ஒன்றும் இருக்காது, போட்டோவில் அழகாகவும் தெரியாது.

யாருக்கு உதவும்: சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு, முதன்முறையாகச் சைக்கிள் எடுக்கும் பெண்களுக்கு, பேரனை நடத்திக் கூட்டிப்போகும் தாத்தாவுக்கு. தெருவில் வண்டி ஏற்கெனவே மெதுவாகத்தான் போகிறது, தனித் தடமே தேவையில்லை. ஆறு தெருக்களைக் கோத்து, நடுவில் அறுந்த இரண்டு இடத்தைச் சேர்த்துவிட்டால் ஒரு முழுப் பாதை கிடைத்துவிடும். அறுந்த இடம் என்றால் என்ன? ஒரு சாக்கடைக்குக் குறுக்கே மூடி இல்லை, ஓடைக்கு மேல் நாலடி அகலப் பாலம் இல்லை, இரண்டு மனைப்பிரிவுக்கு நடுவே ஒரு காலி மனை முள் அடைத்துக் கிடக்கிறது. புதிய மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் மெயின் ரோட்டைப் பார்த்து மட்டும் வாசல் வைத்திருக்கும், பக்கத்து மனைப்பிரிவுக்கு வழி விட்டிருக்காது. பிள்ளைகள் அந்தச் சந்திலேயே ஒற்றையடிப் பாதை போட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த ஒற்றையடிப் பாதைதான் உங்களுக்கு வரைபடம், அதைவிட நல்ல வரைபடத்தை எந்தக் கன்சல்டன்ட்டும் போட்டுத் தரமாட்டார்.

சேலத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வரம் உண்டு. அம்மாபேட்டை, குகை மாதிரி நெசவாளர் பகுதிகளில் பாவு, அதாவது தறிக்கான நீளவாக்கு நூல், நீட்டுவதற்கென்று விட்ட பாவடிகள் இருக்கின்றன. நீளமாக, நேராக, அகலமாக விட்ட இடங்கள். கைத்தறி குறைந்த பிறகு பல இடங்களில் அவை வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டன. உங்கள் பகுதியில் பாவடி மிச்சம் இருந்தால் பாதையை அதன் வழியாக விடுங்கள், காலையில் பாவு ஓடும் நேரத்தை மட்டும் அங்கிருக்கும் நெசவாளர்களிடம் கேட்டுக்கொண்டு.

வெயில் விஷயத்திலும் உள் தெருவே மேல். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கத்து வீடுகளின் நிழல் தெருவில் விழும். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் அந்த நேரத்தில் சூரியன் நேர் எதிரே நிற்கும். மேற்கே பார்த்து ஓட்டினால் கண் கூசும், பின்னால் பைக்கில் வருகிறவருக்கும் கூசும், அவர் கண்ணுக்குச் சைக்கிளே தெரியாது. பள்ளிவிடும் நாலரை மணிக்குப் பிள்ளைகள் எந்தத் திசையில் போகிறார்கள் என்று பார்த்து, முடிந்தவரை வடக்கு தெற்குத் தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு மேற்கில் போகாமல் தீராது என்றால் அந்தத் தெருவுக்கு முதலில் மரம் வையுங்கள், புங்கன் சீக்கிரம் நிழல் கொடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு: முதலாவது, குறுக்கு வழி வண்டிகள். தெருவை நன்றாகத் தார் போட்டுச் சீராக்கினால் மெயின் ரோட்டு நெரிசலைத் தவிர்க்கிறவர்கள் எல்லாரும் அதில் நுழைவார்கள், ஆறு மாதத்தில் அமைதியான தெரு மினி மெயின் ரோடாகிவிடும். இதைத் தடுக்க, பாதையின் நடுவில் ஏதாவது ஓர் இடத்தில் கல்தூண் நட்டு, ஒன்றேகால் மீட்டருக்கு ஒட்டி இடைவெளி விட்டால் சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும், கார் போகாது. பைக்கைத் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் கார் நின்றாலே வேகம் குறையும். ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் சுற்றி வர வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூணை நட வேண்டும், அந்தத் தெருக்காரர்களிடம் கேட்காமல் நட்டால் ஒரு வாரத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, வேகத்தடைகள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் அவரவர் ஒரு சிமெண்டு மேடு போட்டுவைத்திருப்பார்கள். பைக்குக்கு அது தடை, சைக்கிளுக்கு அது முதுகு வலி. நல்ல அகலத்தில், மெதுவான சரிவோடு, வெள்ளைக் கோடு போட்டு, தேவையான இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, நாய்கள். சிரிப்பதற்கில்லை, பிள்ளைகள் ஒரு தெருவை விட்டு அடுத்த தெருவுக்கு மாறுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று அவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். குப்பைத் தொட்டி இருக்கும் முனையில்தான் நாய்கள் கூடும், தொட்டியை இடம் மாற்றினாலே பாதிப் பிரச்சனை தீரும்.

நாலாவது, தெருவை அடைத்துப் போடும் பந்தல். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் எந்தத் தெருவும் சும்மா இருக்காது, இருக்கவும் வேண்டாம். அந்த நாட்களுக்கு மாற்றுத் தெரு எது என்று முன்பே முடிவு பண்ணி ஒரு அம்புக்குறிப் பலகை தயாராக வைத்திருந்தால் போதும்.

அப்புறம் சாக்கடை மூடிக் கம்பிகள். சக்கரம் போகும் திசையிலேயே நீளவாக்கில் கம்பி இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். கம்பி குறுக்காக இருக்கும்படி மூடியைத் திருப்பிப் போட வேண்டும். செலவே இல்லாத வேலை, யாரும் செய்வதில்லை.

இரவில்: இதுதான் உள் தெருவின் பலவீனம். வீடுகள் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினால் தெரு வெறிச்சோடிப்போகும். நீளக் காம்பவுண்டு சுவர் உள்ள தெருக்களை விட்டுவிட்டு வீட்டு வாசல்கள் தெருவைப் பார்க்கும் தெருக்களையே எடுங்கள், கொஞ்சம் சுற்றானாலும்.

எப்போது இதுதான் சரி: மெயின் ரோட்டுக்கு இணையாகத் தெருக்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் ஊருக்கு உள்ளே இருக்கிறது, பணம் குறைவு. உள்ளாட்சியே முடிவெடுக்கலாம் என்பதால் சீக்கிரமும் நடக்கும்.

## வழி 3: ஏரிக்கரை

எனக்கு மிகவும் பிடித்த பாதை இதுதான். கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் 2010-ல் சேர்ந்து தூர்வாரி, உள்ளே மண் தீவுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்றைக்குக் காலையில் போனால் பறவைச் சத்தமும் பின்னால் சேர்வராயன் மலையும் சேர்ந்து மனசை லேசாக்கிவிடும். அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் தங்கள் ஊர் ஏரியிலும் இப்படி ஒரு பாதை வேண்டும் என்று ஆசை வரும், வர வேண்டும்.

ஆனால் ஏரிக்கரையில் நடந்து முடித்தால் எங்கே போய்ச் சேர்வோம்? பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே. உடம்புக்கு நடை வேண்டும் என்றால் அதுவே போதும். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவருக்கு அது வழி ஆகாது. தறிப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா என்னிடம் இதை ஒரே வரியில் சொன்னார்: “கரை மேல காத்து நல்லா இருக்குதுங்க, ஆனா ராத்திரி பட்டறை விட்டு வரும்போது அந்தப் பக்கம் எவ போவா சொல்லுங்க?”

மறைந்திருக்கும் செலவு: கரை என்பது தண்ணீரைத் தாங்குவதற்காகப் போட்ட மண். அதன் மேல் எதைப் பதிக்கலாம், எந்த மரத்தை வெட்டலாம், எதை நடலாம் என்பதை ஏரியைப் பொறுப்பில் வைத்திருக்கும் துறையின் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கனமான கான்கிரீட்டும் கண்ட இடத்தில் குழியும் கரைக்கு நல்லதில்லை. மதகையும் உபரிநீர் வழியும் இடத்தையும் அடைத்துப் பாதை போடவே கூடாது. மலையில் பலத்த மழை பெய்த ராத்திரியில் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே ஒரு சிறு பாலம் தேவைப்படும், அதுவே மொத்தப் பாதையைவிடச் செலவாகலாம். விளக்கு, சீமைக்கருவேலம் வெட்டுவது, கைப்பிடிக் கம்பி, காவலாள், பாம்பு நடமாட்டம், ஐப்பசி கார்த்திகையில் சேறு. விளக்கு போடும்போது பறவைகள் அடையும் தீவுப் பக்கம் வெளிச்சம் விழாமல் தாழ்வாகப் போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறப்புவிழாவுக்குப் பணம் கிடைத்துவிடும், மூன்றாம் வருஷம் களை எடுப்பதற்குப் பணம் யார் தருவது என்று எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எப்போது இதுதான் சரி: ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பும் இந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் இருந்து, கரை வழியே போனால் அரைக்கு அரை தூரம் மிச்சமாகும் என்றால் கரைதான் ஊரிலேயே சிறந்த பாதை. வண்டி வராது, காற்று உண்டு, குறுக்குத் தெரு ஒன்றுகூடக் கிடையாது. அப்படி அமைந்த ஊர்க்காரர்கள் நான் மேலே சொன்ன தயக்கத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு விளக்கை மட்டும் விடாமல் கேளுங்கள்.

## பைபாஸ் சர்வீஸ் ரோடும் மலைப் பாதையும்

சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் இருப்பவர்கள் சர்வீஸ் ரோட்டில் பாதை கேட்கலாமா என்று கேட்பதுண்டு. லாரி நிற்கும், எதிர்த்திசையில் பைக் வரும், பைபாஸில் இருந்து இறங்கும் வண்டி வேகம் குறையாமல் வரும். நடைபாதை கேளுங்கள், சைக்கிளுக்கு வேண்டாம். உங்களுக்கு முக்கியமான கேள்வி பைபாஸை எங்கே தாண்டுவது என்பதுதான். சுரங்கப் பாலத்தில் தண்ணீர் தேங்காமல் இருப்பதும் விளக்கு எரிவதும் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

ஏற்காடு மலைப் பாதையைப் பற்றி உடற்பயிற்சிக்கு ஓட்டும் இளைஞர்கள் கேட்கிறார்கள். அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், சேலத்தில் இருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். அது வேறு உலகம், ஊர்த் திட்டத்தோடு அதைக் கலக்க வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். அடிவாரம் வரை போகும் ரோட்டில் நடக்கிறவர்களுக்கு ஓரம் வேண்டும் என்பது மட்டும் ஊர்க் கோரிக்கையில் சேரலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பார்க்க வேண்டியது | மெயின் ரோட்டோரம் | உள் தெருக்கள் | ஏரிக்கரை |
|---|---|---|---|
| யாருக்கு அதிகம் உதவும் | பஸ்ஸுக்கும் கடைக்கும் நடப்பவருக்கு | சைக்கிள் பிள்ளைகளுக்கு, முதியவருக்கு | வாக்கிங் போகிறவருக்கு |
| நேர் வழியா | ஆம் | கொஞ்சம் சுற்று | ஊரைப் பொறுத்தது |
| வண்டி ஆபத்து | அதிகம் | குறைவு, தாண்டும் முனையில் மட்டும் அதிகம் | கிட்டத்தட்ட இல்லை |
| இரவு ஒன்பதுக்கு மேல் | நடக்கலாம் | வாசல் உள்ள தெருவில் நடக்கலாம் | தனியாக வேண்டாம் |
| நிழல் | மரம் வைத்தால்தான் | வடக்கு தெற்குத் தெருவில் உண்டு | காலையும் மாலையும் பரவாயில்லை |
| எதிர்பாராத செலவு | கம்பம், குழாய், சரிவு | தூண், மூடி, பலகை | பாலம், விளக்கு, களையெடுப்பு |
| அனுமதி | பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை | உள்ளாட்சி | ஏரிக்குப் பொறுப்பான துறை |

## முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம்

பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பிள்ளைகளிடம் ஒரு பெரிய தாளைக் கொடுத்து அவரவர் வரும் வழியைக் கோடு போடச் சொல்லுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐம்பது பிள்ளைகள் போட்டால் சிவப்புப் புள்ளிகள் மூன்று நாலு இடத்தில் குவிந்து நிற்கும், அங்கேதான் பணம் போக வேண்டும். எங்கள் பகுதியில் இதைச் செய்தபோது நான் நினைத்திருந்த இடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பேக்கரி முனையில், ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்று எதிரே வரும் வண்டியை மறைக்கும் இடத்தில்தான் குவிந்தன. தினமும் அந்த முனையில்தான் நான் டீ குடிக்கிறேன்.

அதே வாரத்தில் காலை ஏழரையில் இருந்து ஒன்பது வரை, மாலை நாலில் இருந்து ஆறு வரை, ராத்திரி ஒன்பது மணிக்கு அரை மணி நேரம், மூன்று வழியிலும் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை சைக்கிள், அதில் பெண்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, அறுபது தாண்டியவர்கள் எத்தனை என்று கோடு போட்டுக் கணக்கெடுங்கள். ஒரு வழியில் பெண்களும் முதியவர்களும் குறைவாக வருகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தேவையில்லை என்று எழுதிவிட வேண்டாம், அந்த வழி அவர்களைத் துரத்துகிறது என்று எடுத்துக்கொண்டு காரணத்தைக் கேளுங்கள். முட்டிவலி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை முழுதாக நடந்து பாருங்கள், அவர் நின்று மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் பெஞ்சு போடும் இடம் தானாகத் தெரியும்.

எங்கள் கூட்டம் கடைசியில் மனு கொடுத்தது இப்படி: பேக்கரி முனையில் மேட்டுக் கடப்பும் நடுவில் நிற்க மீடியன் திண்டும் முதலில், ஆட்டோ நிற்கும் இடம் முனையில் இருந்து 30 மீட்டர் தள்ளி, அப்புறம் பள்ளிக்கு ஐந்து தெருவைக் கோத்து ஒரு சைக்கிள் வழியும் ஓடைக்கு மேல் ஒரு சிறு பாலமும், மூன்றாவதாகப் பஸ் ஸ்டாப்பின் இரு பக்கமும் நடைபாதை. ஏரிக்கரையை நாலாவதாக எழுதினோம், வாக்கிங் போகிறவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். சிவப்புப் புள்ளி போட்ட தாளை மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். ஆட்டோக்காரர்கள் மட்டும் மனுவுக்காகக் காத்திருக்கவில்லை, தாளைப் பார்த்த மறுநாளே வண்டிகளைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்கள்.